எண்பத்து மூன்று டிகிரி

அத்தியாயம் 17

1989 ஜூலை 12, புதன்கிழமை. அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய நாலரை ஏக்கர் மனையில், பத்மா நினைவுப் பள்ளியின் மூன்று கட்டடங்களுக்கும் சுவர் எழும்ப வேண்டிய அடித்தளமான பேஸ்மட்டம் வரை வேலை முடிந்திருந்தது.

அன்று காலை, இருபத்து மூன்று நாட்களுக்குப் பிறகு வசந்தகுமாரி காலில் செருப்பு மாட்டினாள்.

மஞ்சள் காமாலை அவளை உலுக்கி எடுத்துவிட்டது. கண்ணிலிருந்த மஞ்சள் போன வாரம்தான் வெளுத்தது. கீழாநெல்லிச் சாறும் மோர்சாதமுமாகக் கிடந்தவளுக்கு வாசல்வரை நடப்பதே பெரிய காரியமாக இருந்தது.

"வெயில்ல நிக்காத. நெழலு பாத்து நில்லு," என்றாள் அம்மா வேம்புலியம்மாள். "கட்டடம் எங்கியும் ஓடிப் பூடாது."

"அஞ்சு நாள்ல ஆடி பொறக்குதும்மா. இன்னிக்கு கமிட்டி வந்து பாத்தாதான் வெள்ளிக்கிழமை செவுரு எழுப்ப முடியும்."

"அதான் உங்க நைனா கீறாரே. நீ படுத்துகினு இருந்தப்போ ராவா பகலா நின்னு முடிச்சிட்டாரு. ஒரு நாளு கஷ்டம்னு வாய தொறக்கல."

அவள் அப்பா திருவேங்கடம் மேஸ்திரி எதற்கும் வாய் திறக்கிறவர் இல்லை. குடும்ப நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கொத்துக்கரணை பிடித்தவர். இருபத்தைந்து வருடத்தில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அவர் எழுப்பிய சுவர்களை அவரே எண்ணி முடிக்க மாட்டார். மகள் கட்டடக்கலை படிக்கப் போனபோது, "வரையறதுக்கா அஞ்சு வருசம்?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

இந்தப் பள்ளிக்கூடம் தகப்பனையும் மகளையும் ஒரே வேலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. வரைபடம் அவளுடையது, ஒப்பந்தம் அவருடையது. பள்ளிக் கமிட்டியில் அதற்கு முணுமுணுப்பு எழுந்தது. "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு யாரைக் காட்டிக் கொடுப்பாங்க?" என்று பொருளாளர் வீரராகவன் கூட்டத்திலேயே கேட்டார். தலைவர் ஜம்புலிங்கம்தான், "அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி முடித்து வைத்தார்.

ஜம்புலிங்கத்துக்கு வீடு சேக்காட்டில். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பத்மா, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகளும் படித்த பள்ளியில் ஓவிய ஆசிரியை. பள்ளியில் மாம்பழமும் மயிலும் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வேறு மாதிரிப் படங்கள் போட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, இன்னதென்று பெயர் சொல்ல எதுவுமே இருக்காது.

பத்மா இறந்த மறுவருடம், உடன் வேலை செய்தவர்களைச் சேர்த்துப் பள்ளி தொடங்க முடிவு செய்த ஜம்புலிங்கம், நுங்கம்பாக்கத்தில் லோகநாதன் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்துக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். பள்ளிக்கூடம் பத்மாவின் படம் ஒன்றைப் போல இருக்க வேண்டும். எப்படி என்று தனக்குத் தெரியாது. பத்மாவிடம் படித்த பெண் இங்கே வேலை செய்கிறாளாமே, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படம், மூன்றடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணம். காவிப் பரப்பில் மூன்று கட்டங்கள். மூன்றும் சரிந்தவை. கூட்டத்தில் நிற்கும் மூன்று பேர் ஒருவர் பேச்சைக் கேட்க ஒருவர் சாய்வது போல, தொட்டும் தொடாமலும் நின்றன. அவற்றுக்கு நடுவே விட்ட சந்துகளில் மட்டும் நீலம்.

நான்கு மாதம் வசந்தகுமாரி அந்தப் படத்தோடு இருந்தாள். மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றும் நேர்கோணத்திலிருந்து ஏழு டிகிரி விலகிச் சாயும். ஒரு மூலை எண்பத்து மூன்று, அடுத்த மூலை தொண்ணூற்று ஏழு. நடுவிலுள்ள சந்துகள் ஏரிப் பக்கம் போகப் போக அகலும். எந்த வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையும் தலையைத் திருப்பினால் ஒரு கீற்றுத் தண்ணீர் தெரியும். அவள் இதுவரை வரைந்ததெல்லாம் மற்றவர்கள் கேட்டதை வரைந்தது. இது ஒன்றுதான் தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்து வரவிருந்த பிரார்த்தனைக் கூடத்தையும் அவளே வரைவதாக இருந்தது.

அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டுவதற்கான கடைசி வரைபடத் தாளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்த அன்று மாலைதான் படுக்கையில் விழுந்தாள்.

*

மனைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது நாகம்மா. திருவேங்கடத்திடம் பதினைந்து வருடமாகச் சித்தாள் வேலை செய்பவள்.

"இன்னா பாப்பா, ஊதினா பறந்துடுவ போல கீறியே. மஞ்ச காமாலையா, இல்ல மாப்ள பாக்க வராங்கன்னு எளைக்கிறியா?"

"ரெண்டும் இல்லக்கா. பசி."

"போ, போய்ப் பாரு. உங்கப்பாரு பொட்டி அட்ச்ச மாரி நிறுத்திக்கீறாரு. நான் பாத்த வேலைங்கள்ல இத்த மாரி நேர்த்தி பாக்கல."

பெட்டி அடித்த மாதிரி. வசந்தகுமாரி சிரித்துக்கொண்டேதான் நான்கு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் நின்றாள்.

மூன்று பேஸ்மட்டங்களும் சாலையைப் பார்த்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஷெட்டில் நிறுத்திய ரயில் பெட்டிகளைப் போல நின்றன. நடுவே இரண்டு சந்துகள். இந்த முனையில் எவ்வளவு அகலமோ அந்த முனையிலும் அவ்வளவு.

ஏதோ ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்து எதிர்ப் பக்கம் போனாள். அங்கிருந்தும் அப்படித்தான் தெரிந்தது.

கொத்தனார் ஒருவரிடம், நேர்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வாங்கி முதல் கட்டடத்தின் மூலையில் வைத்தாள். நூல் நுழைய இடமில்லாமல் பொருந்தியது. அடுத்த மூலை. அதற்கடுத்தது. இரண்டாவது கட்டடத்துக்குப் போனாள். எட்டு மூலைகளில் வைத்துப் பார்த்துவிட்டு மூலைமட்டத்தைக் கீழே வைத்தாள். இத்தனை சுத்தமான மூலைகளை அவள் வேறெந்த வேலையிலும் பார்த்ததில்லை.

வகுப்பறை வரவேண்டிய இடத்தில், பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் கண்மட்டம் வருமாறு குந்தி உட்கார்ந்தாள். சுவர் எழும்பினால் எதிரே அடுத்த கட்டடத்தின் செங்கல்தான் தெரியும்.

"இன்னாம்மா, வெயில்ல குந்திகினு கீற?" திருவேங்கடம் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தார்.

"நைனா, மூலை எல்லாம் நேரா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லையென்று தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்டுபுட்ச்சிட்டியா? உங்கிட்டகூட சொல்லத் தேவையில்லன்னு நெனச்சேன்."

"என்னா பண்ணே?"

"ஒப்பந்தத்துக்கு எனக்குக் குட்த்தது வெறும் நீளம் அகலக் கணக்குதான், கோணத்த அந்தக் கடைசி ஷீட்லதான் மொதல்ல பாத்தேன். காச்சலோட வரஞ்சிக்கீற. கோடு போட்ற டீ ஸ்கொயரு நழுவிக்கீது. மூணு கட்டடமும் மூணு பக்கமா இழுத்துகினு கெடந்துச்சு. ஒடம்பு நூத்தி மூணுல கொதிக்குது, கையி பாவம் மூலைக்கு மூலை எண்பத்தி மூணுன்னு எழுதி வச்சிக்கீது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் அத்தனை கனிவு இருந்தது. "நீ ஒண்ணும் பயப்படாத. அந்த ஷீட்ட ஒருத்தன் கண்ணுல காட்டல. மடிச்சி பொட்டில வெச்சி பூட்டிட்டேன். கொத்தனாருங்களுக்கு நானே ஒரு நோட்டுப் பேப்பர்ல போட்டுக் குட்த்துட்டேன். நீளம் அகலம் நீ போட்ட மாரியே. ஜம்புலிங்கம் சாரு டேப்பு புட்ச்சி ஒவ்வொரு செவுரா அளந்து பாத்து அளவு நோட்டுல கையெழுத்தே போட்டுட்டாரு. உம் பேருக்கு ஒண்ணும் வராது."

அவள் செங்கல் அடுக்கில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னா கண்ணு? தல சுத்துதா?"

"அது தப்பு இல்ல நைனா. அப்படித்தான் வேணும்."

"எப்டி?"

"சாஞ்சுதான். எண்பத்தி மூணுதான்."

திருவேங்கடம் மகளையே பார்த்தார். காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று பார்ப்பது போலிருந்தது.

"மூலைன்னா தொண்ணூறு தாம்மா. வேற இன்னா மூல கீது?"

"டீச்சரோட படம் பாத்தேல்ல? அது மாதிரி."

"படத்த செவுத்துல மாட்டுவாங்க. படத்துக்குள்ள போயி குந்திகினா பாடம் படிப்பாங்க?"

அவர் வாதாடவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

வசந்தகுமாரி ஒரு செங்கல் துண்டை எடுத்து மணலில் கோடு போட்டாள். முதல் கட்டடம். சாய்வாக. இரண்டாவது, மறுபக்கம் சாய்வாக. நடுவில் சந்து. அதற்கு அப்பால் ஏரி. அவர் எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது கட்டடத்தை அவள் போட்டு முடிக்கவில்லை, அவர் கை நீட்டித் தடுத்தார். தாளில் இருப்பதைத் தரையாக மாற்றிப் பார்த்தே பழகிய கண் அது.

"தண்ணி தெரியும்," என்றார். "எல்லா ரூமுலேர்ந்தும்."

"ஆமா."

"இப்ப தெரியாது."

"தெரியாது நைனா."

ஏரியில் அப்போது நடுவில்தான் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து வருடத்தில் அவர் கையில் தவறில்லாமல் வந்த வரைபடம் குறைவு. மாடிப்படி ஏறுகிறவன் தலை உத்தரத்தில் இடிக்கும். கதவைத் திறந்தால் கழுவும் தொட்டியில் மோதும். அவர் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. முதலாளி காதில் விழுந்தால் வரைந்தவனுக்குக் கெட்ட பெயர். சத்தமில்லாமல் சரிசெய்து கட்டிவிடுவார். வரைந்தவர்கள் வந்து பார்த்து, தாங்கள் வரைந்தபடியே வந்திருப்பதாக நினைத்துப் போவார்கள். மேஸ்திரி என்றால் அதுவும் சேர்த்துத்தான் என்பது அவர் எண்ணம். ஊரான் பிள்ளைகளுக்கே செய்ததை மகளுக்குச் செய்யாமல் விடுவாரா?

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நைனா."

"கண்ணு தொறக்காம கெடந்தியேம்மா. அந்த நேரத்துல வந்து, நீ தப்பா வரஞ்சிட்டேன்னு எப்டி சொல்றது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இட்ச்சிட்றேன்," என்றார். "இன்னிக்கே ஆளுங்கள வுட்டு இட்ச்சிட்றேன்."

"பூஜை போட்ட கடைக்காலை இடிக்க விடுவாங்களா?"

 பூஜை போட்டு எழுப்பியதை அவரே இன்றுவரை இடித்ததில்லை.

"அப்ப ஜம்புலிங்கம் சாருகிட்ட நானே சொல்லிட்றேன். எம்மேல தான் தப்பு."

"லோகநாதன் சார் வரட்டும். அவர் என்ன சொல்றார்னு பாக்கலாம். அதுவரைக்கும் நீ எதுவும் பேசாத. எனக்காக."

அவர் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது கட்டடத்தின் பக்கம் போனார். நடை தளர்ந்திருந்தது.

*

லோகநாதனின் கார் பத்தரைக்கு வந்தது. இறங்கி, கதவைச் சாத்தும் முன்பே அவர் கண் கட்டடங்களின் மேல் நின்றுவிட்டது. அரை நிமிடம்தான்.

"யார் நேராக்கினது?"

வசந்தகுமாரி மூன்றாவது கட்டடத்தின் பக்கம் பார்த்தாள்.

"உங்கப்பாவா?"

"நான் காய்ச்சல்ல தப்பா போட்டுட்டேன்னு நெனச்சுட்டார் சார்."

லோகநாதன் கோபப்படவில்லை. சிகரெட் பெட்டியை எடுத்தார், திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

"இடிச்சுக் கட்டலாமா சார்?"

"ஒண்ணுன்னா பேசிப் பாக்கலாம். மூணும்னா எப்படி? ஆடி முடியற வரைக்கும் புதுசா கடைக்கால் தோண்ட விட மாட்டாங்க. அப்புறம் மழை. ஜூன்ல ஸ்கூல் திறக்கணும்."

"நடுவுல நீங்க ஒரு தடவை வந்திருந்தா..."

"வரலை," என்றார். "அண்ணாநகர் வேலையில மாட்டிக்கிட்டேன். தப்புல எனக்கும் பங்கு இருக்கு. இல்லேன்னு சொல்லலை."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுத்துல அனுமதி வாங்காம கான்ட்ராக்டர் மாத்தினார்னு சொன்னா ஒப்பந்தம் இன்னிக்கே ரத்து. வீரராகவன் அதுக்குத்தான் காத்துட்டிருக்கார். அப்பாவும் பொண்ணும் கூட்டுன்னு சொல்வார். அப்புறம் இந்தப் பக்கத்துல யார் உங்கப்பாவுக்கு வேலை கொடுப்பாங்க? அவரை நம்பி இருபது பேர் இருக்காங்க."

"வேற வழி?"

"டிசைனை நீயே மாத்தினேன்னு ஒரு லெட்டர். உடம்பு சரியில்லாததால வாயால சொல்லியிருந்தே, இப்போ எழுத்துல கொடுக்கறே. கமிட்டி ஃபைல்ல போயிடும். பஞ்சாயத்துக்குத் திருத்தின பிளானை நான் அனுப்பிடறேன்."

"அது என்னோட டிசைன் சார்."

"எனக்குத் தெரியாதா?" அவர் குரல் இறங்கியது. "எப்படிப் பாத்தாலும் டிசைன் போயிடுச்சு வசந்தா. இனிமே காப்பாத்த முடியறது உங்கப்பாவை மட்டும்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது கட்டடத்தின் ஓரத்தில் திருவேங்கடம் நின்று, நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

காரின் பானெட் மேல் தாளை வைத்து எழுதினாள். பானெட்டின் சூடு தாளைத் தாண்டி வந்து விரலைச் சுட்டது. நான்கே வரி. 'நடைமுறைக் காரணங்களை முன்னிட்டு' என்ற சொற்களை லோகநாதன் சொல்லக் கேட்டு எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதும்போது எண்கள் கோணலாக விழுந்தன. உடம்பு இன்னும் தேறவில்லை என்று சொல்லிக்கொண்டாள். பத்தடி தள்ளி நாகம்மா தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

*

பதினோரு மணிக்கு வீரராகவன் ஸ்கூட்டரை ஓட்டிவந்தார். பின்னால் ஜம்புலிங்கம். இரண்டு பேருக்கும் நடுவில், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய பலகை ஒன்று இருந்தது.

"ஒடம்பு எப்பிடிம்மா இருக்கு? ஒரு சுத்து எளைச்சுட்டியே," என்று கேட்டபடி ஜம்புலிங்கம் விரிப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பத்மாவின் படம். செங்கல் அடுக்கின் மேல் சாய்த்து, சரியாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"பேஸ்மட்டம் வந்த ஒடனே கொண்டாந்து பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு நெனச்சிருந்தேன். சொன்னா நீ சிரிப்பே."

தொழிற்சாலையில் ஒரு உதிரிப் பாகத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவரைப் போல அவர் படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. எங்கண்ணுக்கு எப்பவும் வெளங்காது. இதுல அது எங்கனக்குள்ள இருக்கு? வந்து காட்டேன்."

வசந்தகுமாரி ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் லோகநாதன் முன்னால் வந்துவிட்டார்.

"சார், ஒரு சின்ன மாற்றம் பண்ணியிருக்கோம். வசந்தாவே எழுதிக் கொடுத்திருக்கா."

ஜம்புலிங்கம் கடிதத்தை வாங்கினார். நான்கு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. படித்துவிட்டு வீரராகவனிடம் நீட்டினார்.

வீரராகவன் ஒரே பார்வையில் படித்து முடித்தார். "நல்லதாப் போச்சு. முதல் பிளானைப் பாத்துட்டு எம் பையன், 'ஏம்ப்பா, இது பூகம்பத்துக்கு அப்புறம் எடுத்த போட்டோவா'ன்னு கேட்டான். இப்போதான் பாக்கறதுக்குப் பள்ளிக்கூடமா இருக்கு. வர்ற பெற்றோரும் நாலு வார்த்தை நல்லதா சொல்வாங்க."

ஜம்புலிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீயாம்மா மாத்துன?"

"ஆமா சார்."

"யாரும் நெருக்கி மாத்தலையே?"

"இல்ல சார்."

"ஏன் மாத்துன?"

தூரத்தில் நூல்கண்டோடு நின்றவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கே பேசுவது கேட்காது.

"நடைமுறைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

ஜம்புலிங்கம் படத்தின் பக்கம் குனிந்தார். முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இருபத்தெட்டு வருசம் அவகூட இருந்தேன். ஒரு படத்தக்கூடப் புரிஞ்சுதுன்னு நான் சொன்னதில்ல. அவளும் கேட்டதில்ல. புரியாததப் புரிஞ்சுதுன்னு எப்பிடிச் சொல்லுதது?" விரிப்பைத் தரையில் விரித்தார். "நீ வந்து, சார் இது ஏரி, இது சந்துன்னு பென்சிலால போட்டுக் காட்டுனல்லா, அன்னைக்கு வீட்டுக்குப் போயி தனியா உக்காந்து அழுதேன். ஒரு ஆளுக்காச்சும் அவ போட்டது புரிஞ்சிருக்கேன்னு."

"சார்..."

"உனக்கும் புரியல போல. பரவால்லம்மா. உன்னச் சொல்லி என்ன."

அவர் குரலில் கோபம் இல்லை. படத்தை வைத்து விரிப்பை நான்கு பக்கமும் மடித்தார். முடிச்சுப் போடும்போது விரல் சரியாக ஓடாமல் வீரராகவன் வந்து போட்டுக் கொடுத்தார்.

பேஸ்மட்ட வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். ஸ்கூட்டரில் ஏறும் முன் லோகநாதனிடம் மட்டும் சொன்னார்:

"பிரார்த்தனைக் கூடத்த வேற யாரையாவது போடச் சொல்லுங்க. இந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல."

*

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் திருவேங்கடம் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை நாளில் அவர் அந்த நேரத்தில் வீடு வந்து வேம்புலியம்மாள் பார்த்ததில்லை.

வசந்தகுமாரி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் தலைமாட்டில் வந்து நின்றார்.

"இன்னாமோ எழுதிக் குட்த்தியாமே. நாகம்மா சொல்லுச்சு."

அவள் திரும்பவில்லை.

"நீயே மாத்தினேன்னு எழுதிக் குட்த்தியா?"

"விடு நைனா."

"அந்த மன்சன் படத்த துணில சுத்திகினு போனத அங்கேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். இன்னான்னு புரியல. ஒனக்காக சும்மா நின்னேன். நீ பேசாதன்னு சொன்னியேன்னு நின்னேன்."

"இன்னா ஆச்சு? ரெண்டு பேரும் இன்னா பேசறீங்க?" என்றாள் வேம்புலியம்மாள் அடுப்படியிலிருந்து.

திருவேங்கடம் கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவினார். நகக்கண்ணில் இருந்த சிமெண்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். சைக்கிளை வெளியே உருட்டினார்.

வசந்தகுமாரி எழுந்து வாசலுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"நைனா, போகாத. சொன்னா ஒப்பந்தம் போயிடும். லோகநாதன் சாருக்கும் கெட்ட பேரு."

"போனா போவட்டும்."

"நான் எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடும்."

அவர் சைக்கிள் பெடலில் கால் வைத்தபடி நின்றார். ஏறி மிதித்துவிட்டார்.

"ஒரு வாய் துன்னுட்டுப் போறதுதானே," என்று வேம்புலியம்மாள் சொன்னது தெருவுக்குத்தான் கேட்டிருக்கும். "எங்க போறாரு?"

"சேக்காட்டுக்கு."

"இப்ப இன்னாத்துக்கு?"

வசந்தகுமாரி அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னாள். எண்பத்து மூன்று, தொண்ணூறு எல்லாம் வேம்புலியம்மாளுக்குப் பிடிபடவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்:

"அப்ப அவரு கட்னதும் தப்பு இல்ல, நீ வரஞ்சதும் தப்பு இல்ல. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் சோறு துன்னாம கீறீங்க?"

வசந்தகுமாரி சொம்பில் இருந்த மோரை வாங்கிக் குடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சைக்கிள் திரும்பி வந்தது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஊடு பூட்டிகினு கீது," என்றார் திருவேங்கடம். "ஊருக்குப் பூட்டாராம். நாலு மணிக்கே எழும்பூர் ஸ்டேசனுக்குக் கெளம்பிட்டாருன்னு பக்கத்து ஊட்டுக்காரம்மா சொல்லுச்சு."

"எப்ப வருவாராம்?"

"சொல்லலியாம். பொட்டி ஒண்ணு, அப்பறம் அந்தப் படம். படத்த டாக்சில மடி மேல வெச்சிகினு போனாராம்."

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சுவர் வேலை தொடங்கியது. முதல் கல்லைத் திருவேங்கடம் மேஸ்திரி வைத்தார். அன்றே லோகநாதனின் அலுவலகத்தில் பிரார்த்தனைக் கூடத்தின் கோப்பு வசந்தகுமாரியின் மேஜையிலிருந்து இன்னொருவர் மேஜைக்கு மாற்றப்பட்டது. ஆடி முதல் நாள் முதல் கட்டடத்தின் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. அன்றுவரை ஜம்புலிங்கம் ஊரிலிருந்து திரும்பியிருக்கவில்லை.